சிகரெட்டை விட்டாச்சு, ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது?

வணக்கமுங்க. இந்த வாரம் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஓடாமல் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால்தான்.

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் டெய்லர், வயது 34. தினமும் 10 சிகரெட், 14 வருடப் பழக்கம். விட்டு 12 நாள் ஆகிறது. அவர் எழுதியதைப் படிக்கிறேன்: "அண்ணா, வேலை நாளில் சமாளித்துவிடுகிறேன். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் தாங்கவில்லை. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை, வெளியே கிளம்பினால் கால் தானாகப் பேக்கரிக்குப் போகிறது. நண்பர்கள் வேன் பிடித்து மலைக்குப் போகலாம் என்கிறார்கள். வீட்டில் ஊட்டிக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். கையில் அவ்வளவு பணமும் இல்லை. போனால் மறுபடி பிடித்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்வது?"

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 12 நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. நிகோட்டின் கிடைக்காத எரிச்சல், தூக்கமின்மை, கோபம் எல்லாம் முதல் 2, 3 நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அந்த மேட்டை ஏறி இறங்கிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது பெரும்பாலும் 3, 4 வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் இடமும் நேரமும் கிளப்பிவிடுகிற ஆசை இருக்கிறதே, பேக்கரி வாசல், டீ கிளாஸ், ஞாயிற்றுக்கிழமைக் காலை, அது இன்னும் கொஞ்ச நாள் பின்னாலேயே வரும். உங்கள் கேள்வியே அதைப் பற்றித்தான்.

நீங்கள் எழுதியதில் "வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை" என்ற வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் தறிக்குடோனில் 18 வருடம் வேலை பார்த்தவன். உள்ளே தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, மூக்கெல்லாம் பஞ்சு. பீடி பற்றவைக்க வெளியே வந்தால்தான் வானம் தெரியும். "பீடி குடித்துவிட்டு வருகிறேன்" என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். "சும்மா வெளியே நின்றுவிட்டு வருகிறேன்" என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வேப்பமரத்தடியில் 5 நிமிடம் நின்று, மூச்சை நன்றாக இழுத்து விட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போவோம். அந்தக் காற்று, நிழல், பேச்சு, ஓய்வு எல்லாவற்றின் சுகத்தையும் பீடியின் கணக்கிலேயே எழுதிவிட்டோம். பீடி தன் பங்குக்குச் செய்தது ஒன்றுதான். நிகோட்டின் ரத்தத்தில் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையும்போது ஒரு நமைச்சல் வரும். அடுத்த பீடி அந்த நமைச்சலைச் சொறிந்துவிடும், அவ்வளவுதான். நமைச்சலைக் கொடுத்ததும் அதுவேதான்.

அதனால் என் பதில் இது: சிகரெட்டை விட்டதோடு வெளியே போவதையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். முன்பு 5 நிமிடம் வெளியே போனீர்கள் அல்லவா, இனி 3 மணி நேரம் போங்கள். ஆனால் பக்கத்திலேயே, நீங்கள் இதுவரை சிகரெட் பிடித்திராத இடமாகப் பார்த்துப் போங்கள்.

வேன் பயணம் வேண்டவே வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். 2014இல் நான் முதல் தடவை விட்டபோது 23 நாள் தாங்கினேன். அப்புறம் கூட்டாளிகளோடு ஒரு மலைக்கு வேனில் போனோம். வேன் பயணம் என்றால் எப்படி இருக்கும்? ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் வண்டி நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், டீ வரும், கூடவே பாக்கெட்டும் வரும். மேலே குளிர். ராத்திரி பாட்டில் திறப்பார்கள். மூன்றாவது டீக்கடையில் ஒருவர் "ஒரு இழுப்புத்தானே, இத்தனை தூரம் வந்துவிட்டு" என்று நீட்டினார். ஊர் திரும்பும்போது என் சட்டைப் பையில் முழுப் பாக்கெட் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 23 நாள் போயிற்று. மறுபடி விட எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதல் 3 மாதம் பெரிய டூரைத் தள்ளிப்போடுங்கள். வீட்டில் ஊட்டி கேட்டால், அந்தச் சிகரெட் காசைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்து, வெயில் காலத்தில் கூட்டிப்போவதாகச் சொல்லுங்கள். நாளுக்கு 10 என்றால் வருடத்துக்கு 3,650 சிகரெட். கணக்கை அவரிடமே போடச் சொல்லுங்கள், ஊட்டி தாராளமாக வரும்.

சரி, பக்கத்தில் எங்கே போவது? திருப்பூர்க்காரருக்கு நான் முதலில் சொல்வது நஞ்சராயன் குளம். ஊத்துக்குளி ரோட்டில், டவுனிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். இத்தனை சாயப்பட்டறையும் கம்பெனியும் இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குளமா என்று முதல் நாள் எனக்கு நம்பவே முடியவில்லை. பறவைகள் சரணாலயம் அது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்கிற அங்கீகாரம். குளிர்காலத்தில் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி இங்கே வருகிறது. வெடியால 6 மணிக்குக் கரையில் நின்றால் தண்ணீர் மேல் பனி மூட்டமாக இருக்கும். நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தைக்குத்தி நாரை எல்லாம் தன்பாட்டுக்கு மேயும். பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் அப்போது கொக்கும் மீன்கொத்தியும் தவிர ஒன்றும் தெரியாது. ஒரு குருவி தண்ணீருக்குள் மூழ்கினால் எங்கே மேலே வருகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆசை வந்து போயிருக்கும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிகரெட் ஆசை வந்தால் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை, பெரும்பாலும் சில நிமிடத்தில் உச்சிக்குப் போய்த் தானே இறங்கிவிடும். அந்த நேரத்தில் வேகமாக 10 நிமிடம் நடந்தால் ஆசை குறைகிறது என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். குளக்கரை, வாய்க்கால் கரை, காட்டுப் பாதை எதுவானாலும் சரி, பக்கத்தில் பெட்டிக்கடை இல்லாமல் நடக்க இடம் இருந்தால் போதும்.

அடுத்தது காங்கயம் பக்கம். பெரிய சுற்றுலா இடம் எதுவும் வேண்டாம், கொறங்காட்டுக்குப் போங்கள். நம் ஆட்களுக்கே அதன் அருமை தெரிவதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். காங்கயம் மாடு வளர்ந்ததே அந்த மேய்ச்சல் காட்டில்தான். எல்லாம் சொந்தக்காரர் உள்ள நிலம், அதனால் உள்ளே நுழையாமல் ரோட்டோரமாக, வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரிப் பாதை வழியாக நடங்கள். ஒரு மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. சிகரெட்டை விட்டவருக்கு மூக்கு திரும்பி வரும் என்பார்கள். எனக்கு அது வந்தது ஒரு தை மாதம், காலிங்கராயன் வாய்க்கால் கரையில். எங்கோ மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் காற்றில் வந்தபோது, சின்ன வயதில் அப்புச்சி வீட்டில் மஞ்சள் வேகவைத்த களத்துமேடு அப்படியே கண்முன் வந்தது. அத்தனை வருடமும் அந்த வாசம் அங்கேதான் இருந்திருக்கிறது. கரையில் நின்று அழுதுவிட்டேன், சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஈரோட்டுக்காரர்கள் அந்த வாய்க்கால் கரையையே வைத்துக்கொள்ளலாம். பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர், 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, பாம்பு மாதிரி வளைந்து போகும். ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டு நடந்தால் வருடத்துக்கே போதும். வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. கோவைக்காரர்களுக்குச் சிங்காநல்லூர்க் குளமும் பேரூர்ப் பக்கம் நொய்யலும் இருக்கின்றன.

கொஞ்சம் தெம்பு வந்ததும் சென்னிமலை. 1,320 படி. ஆனால் நெஞ்சு வலி, நடந்தாலே இளைப்பு இருக்கிறவர்கள் டாக்டரைப் பார்க்காமல் ஏறக்கூடாது. மற்றவர்களும் வெயிலுக்கு முன்னால் ஏறி இறங்கிவிட வேண்டும். வெள்ளியங்கிரிக்கு எப்போது போகலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஏழு மலை அது, இப்போதுதான் விட்டவருக்கு ஏற்றது இல்லை. இந்த வருடம் சென்னிமலை, அடுத்த வருடம் பார்க்கலாம்.

இதோ, பின்னால் மயில் கத்துகிறது, கேட்கிறதா? பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், இது நம் வீட்டுப் பின்னால் இருக்கிற காடு.

அப்புறம் கையில் என்ன எடுத்துப்போவது? டீ விஷயத்தில் கவனமாக இருங்கள். பலருக்கு இது தெரியாது. சிகரெட் புகை கல்லீரலை முடுக்கிவிட்டு, காப்பி, டீயில் உள்ள காஃபினைச் சீக்கிரம் கரைக்க வைக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். நீங்கள் அதே 6 டீ குடித்தாலும் காஃபின் ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தங்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரித் தூக்கமின்மை எல்லாம் வரும். நாம் அதைச் சிகரெட் இல்லாததால் வருவது என்று நினைத்து மறுபடி பிடிக்கப் போய்விடுவோம். டீயைப் பாதியாகக் குறையுங்கள். கிளம்பும்போது ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி போட்டுக்கொள்ளுங்கள், காப்பித்தூள் சேர்க்காமல் கருப்பட்டி போட்டு. பையில் அவித்த நிலக்கடலை வைத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்குத் தனி நம்பிக்கை உண்டு, உரித்துச் சாப்பிடுவதற்குள் இரண்டு கையும் வாயும் வேலையாக இருக்கும். வழியில் தெளுவு, அதாவது பதநீர், விற்றால் டீக்குப் பதிலாக அதைக் குடியுங்கள்.

நடக்கும்போது இருமல் கூடினால் பயப்படாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் குப்பையைத் தள்ளும் மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. புகையில் அவை படுத்துக் கிடந்தன, இப்போது எழுந்து சளியை வெளியே தள்ளுகின்றன. சில வாரம் இப்படி இருக்கும். ரத்தம் வந்தாலோ, ரொம்ப நாள் நிற்காமல் இருந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

ஆசை ரொம்பப் படுத்தினால் நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதை மிட்டாய் மாதிரி மென்று தள்ளக்கூடாது. காரம் தெரிகிற வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். பேசி ஆறுதல் தேட ஆள் வேண்டும் என்றால் 1800 11 2356 என்ற மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது. பீடி இலைதானே, இயற்கைதானே என்று அதற்கு மாறுகிறவர்களுக்கும் சொல்கிறேன், பீடியிலும் அதே நிகோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் இருக்கின்றன.

நண்பர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களில் புகைக்காத ஒருவர் இருப்பார், அவரை மட்டும் முதலில் கூப்பிடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரம்மாவையும் குழந்தையையும் வண்டியில் வைத்துக்கொண்டு நஞ்சராயன் குளத்துக்குப் போங்கள். குழந்தைக்கு முன்னால் நின்று பறவை காட்டுகிற கை பாக்கெட்டைத் தேடாது. பேக்கரி இருக்கிற தெருவை விட்டு வேறு தெரு வழியாகக் கிளம்புங்கள், பெட்ரோல் சனிக்கிழமையே போட்டு வையுங்கள். ஞாயிறு காலை 5:30க்கு வண்டியை எடுத்தால், நண்பர்கள் போன் பண்ணுகிற நேரத்துக்கு நீங்கள் குளக்கரையில் இருப்பீர்கள். 9 மணிக்குள் திரும்பி வந்து, வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் சூடாக நெய் விட்டுச் சாப்பிடுங்கள்.

மூன்று மாதம் கழித்துச் சென்னிமலைக்குப் போனால் எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள் என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். நான் விட்ட 2 வாரத்தில் ஏறியபோது 14 இடம், ஒரு வருடம் கழித்து 3 இடம்.