ரஷ்யனோடு நிறுத்திவிடாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ரஷ்யன், உக்ரேனியன், போலிஷ், செக், பல்கேரியன் என்று ஒரே குடும்பமான ஸ்லாவிய மொழிகளைக் கற்பிக்கும் துறைகளில் மாணவர் கூட்டம் கூடுவதும் குறைவதும் பாடத்தின் தரத்தைப் பொறுத்து நடப்பதில்லை, செய்தித்தாளின் முதல் பக்கத்தைப் பொறுத்து நடக்கிறது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. மறு ஆண்டே அமெரிக்காவில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அறிவியலோடும் கணிதத்தோடும் சேர்ந்து ரஷ்யன் போன்ற மொழிகளுக்கும் அரசுப் பணம் பாய்ந்தது. பிரிட்டன் அதற்கும் முந்திக்கொண்டது. கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த இளைஞர்களில் சில ஆயிரம் பேரை 1951 முதல் வகுப்பில் உட்காரவைத்து ரஷ்யன் கற்பித்தது. எதிரி வானலையில் என்ன பேசுகிறான் என்று கேட்க ஆள் வேண்டுமே!

அப்புறம் 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. 1990இல் அமெரிக்கக் கல்லூரிகளில் ரஷ்யன் படித்தவர்கள் 44 ஆயிரத்துக்கும் மேல். ஐந்தே ஆண்டில் அது ஏறக்குறைய 25 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. இத்தனைக்கும் மொழியில் ஒரு வேற்றுமை உருபுகூட மாறவில்லை. நம் டெல்லியில் ரஷ்யக் கல்விக்கென்று 1965இல் தனி நிறுவனம் தொடங்கியதும், பின்னாளில் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும்கூட இந்திய - சோவியத் நட்பின் காலத்துக் கதைதான்.

ஆகவே அரசியலை நம்பி இந்தத் துறைக்கு வராதீர்கள், மொழிகளை நம்பி வாருங்கள் என்பது என் கட்சி. மொழிகளை என்று பன்மையில் சொல்கிறேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ரஷ்யன். ஆங்கிலம் பேசும் தூதரக அதிகாரிகளுக்கு ரஷ்யன் கற்பிக்க அமெரிக்க வெளியுறவுத் துறை போடும் கணக்கு சுமார் 1100 வகுப்பு மணி நேரம். ஸ்பானிஷுக்கு ஆகும் நேரத்தைவிட இது மிக அதிகம். அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் மிரள வேண்டாம், அது ஆங்கிலக்காரர்களின் மிரட்சி. ‘அவர் மருத்துவர்’ என்று நாம் சொல்வதுபோலவே ரஷ்யரும் இரண்டே சொல்லில் சொல்லிவிடுவார், நடுவில் வினை வேண்டாம். பெயருக்கு முன்னால் ஒட்டுகிற ஆர்ட்டிக்கிள் தொல்லையும் இல்லை. ‘எனக்கு இருபது வயது’, ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று நாம் ‘கு’ உருபு போடும் இந்த மூன்று இடங்களிலும் அவர்களும் நான்காம் வேற்றுமைதான் போடுகிறார்கள். ஆங்கிலம் வழியாக வந்தவர் இதை விதியாக மனப்பாடம் செய்ய வேண்டும், உங்களுக்கு அது பழகிய வழி. மரியாதைக்குப் பன்மை போடுவதையும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயரோடு தந்தை பெயரைச் சேர்த்து அழைக்கிறார்கள். இனிஷியல் போட்டு வளர்ந்த நமக்கு அதில் என்ன வியப்பு?

என் வருத்தம் இதுதான்: நம் ஊரிலும் ரஷ்யனை ஆங்கிலப் பாடநூல் வைத்து, ஆங்கிலக்காரருக்கு எது கடினமோ அந்த வரிசையில் நடத்துகிறோம். மாணவர் தமிழை வெளியே கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் வருகிறார்.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்று அச்சில் குறி இருக்காது, அழுத்தம் இல்லாத இடத்தில் ‘ஒ’ எழுதியிருக்கும், ‘அ’ போல ஒலிக்கும். இரண்டு, மூன்று, நான்குக்குப் பின் வரும் பெயருக்கு ஒரு வடிவம், ஐந்து முதல் வேறு வடிவம், இருபத்தொன்று வந்தால் மறுபடி ஒருமை! வினைகளோ சோடி சோடியாக வரும். செயல் நடந்துகொண்டிருந்ததா, வழக்கமாக நடப்பதா, முடிந்துவிட்டதா என்பதைப் பார்த்து வினையையே மாற்ற வேண்டும். நம் ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ வேறுபாடு வாசல் வரை கூட்டிக்கொண்டு போகும், உள்ளே நீங்களேதான் நடக்க வேண்டும். ‘போ’ என்ற ஒன்றுக்கே, கால்நடையாகவா வண்டியிலா, ஒரு திசையிலா போய்வருவதா என்று தனித்தனி வினைகள். இந்தப் பாடத்தில்தான் பாதிப் பேர் சோர்ந்துபோகிறார்கள். ஒரு பருவம் முழுக்க இதற்கே கொடுத்தாலும் தகும்.

சரி, பன்மைக்கு வருகிறேன். உலகின் பல பல்கலைக்கழகங்களில் வாசல் பலகையில் ‘ஸ்லாவியத் துறை’ என்று இருக்கும், உள்ளே முக்கால்வாசி ரஷ்யன்தான். ஆனால் துறை பிறந்த கதை வேறு. ஸ்லாவியவியலுக்கு அடித்தளம் போட்டவர் என்று சொல்லப்படும் யோசஃப் தொப்ரோவ்ஸ்கி செக் நாட்டு அறிஞர். பாரிஸில் 1840இல் இதற்கெனப் பேராசிரியர் இருக்கை வந்தபோது அதில் அமர்ந்தவர் போலந்துக் கவிஞர் மிட்ஸ்கியேவிச். லண்டனில் 1915இல் ஸ்லாவியக் கல்விப் பள்ளி தொடங்கியபோது சிறிய தேசங்களின் சிக்கலைப் பற்றித் தொடக்க உரை ஆற்றிய மசாரிக், மூன்றே ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரானார். பேரரசுகளுக்கு அடியில் கிடந்த மொழிக்காரர்கள் எழுப்பிய வீட்டில் பிறகு ஒரே ஒரு பெரிய மொழி பாயை விரித்துப் படுத்துக்கொண்டது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா முழுப்போர் தொடுத்த பிறகு ஸ்லாவியத் துறை என்றால் ரஷ்யன் மட்டும்தானா என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. மேற்கத்திய மாணவர்கள் மாஸ்கோவுக்குப் பதிலாக மத்திய ஆசிய நகரங்களான அல்மாட்டிக்கும் பிஷ்கெக்குக்கும் போய் ரஷ்யன் பழகுகிறார்கள். ரஷ்யனையே விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஒரு நாட்டின் படை செய்வதற்கு அதன் இலக்கணம் பொறுப்பாகாது. ஆனால் உக்ரைனின் கீவையும் போலந்தின் வார்சாவையும் மாஸ்கோவின் சன்னல் வழியாக மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் வாங்குவது அரைப் படிப்பு.

வேலை? மொழிபெயர்ப்பு, சுற்றுலா, கூடங்குளம் போன்ற ரஷ்யத் தொழில்நுட்பத் திட்டங்கள் என்று வழிகள் உண்டு. ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள், வகுப்பு ஆங்கிலத்தில் ஓடினாலும் வார்டில் படுத்திருக்கும் பாட்டி ரஷ்யனில்தான் வலியைச் சொல்வாள்.

இரண்டாம் மொழியாக எதை எடுப்பது? செக் எடுத்தால் நமக்கு ஒரு சொந்தம் கிடைக்கும். தமிழாய்வில் பெரும்பெயரான கமில் சுவெலபில் பிராகில் உருவானவர், தமிழ்க் கவிதைகளைச் செக்கில் பெயர்த்தவர். இலக்கணப் பித்து உள்ளவர்கள் பல்கேரியனுக்குப் போங்கள். பெயர்ச்சொல் வேற்றுமைகளை அது ஏறத்தாழ உதறிவிட்டது, ஆனால் தான் கண்டதைச் சொல்ல ஒரு வினைவடிவம், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்ல இன்னொரு வினைவடிவம் வைத்திருக்கிறது. நம் ‘வந்தான்’, ‘வந்தானாம்’ மாதிரி. உக்ரேனியன் எடுப்பவர்கள், ரஷ்யன் தெரிந்தால் அது தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சொல்வளத்தில் அது பெலருசியனுக்கும் போலிஷுக்கும்தான் நெருக்கம், ரஷ்யன் தொலைத்துவிட்ட விளி வேற்றுமையும் அதில் உயிரோடு இருக்கிறது.

எதுவானாலும் முதல் ஆண்டிலேயே இரண்டையும் தொடங்காதீர்கள், கலந்து பேசுவீர்கள். ரஷ்யன் வினைகள் ஓரளவு கைக்கு வந்ததும், இரண்டாம் ஆண்டு நடுவில் ஆரம்பித்தால் போதும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நேரம் இருக்கிறது.