ஒரே கூடாரம், இரண்டு பைகள்: அப்பலாச்சியன் டிரெயிலில் நான்கு நாள்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்கில் பஞ்சு சுற்றியும் அடங்கவில்லை. நான் உட்கார்ந்திருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நீல்ஸ் கேப் என்கிற கணவாய். பின்னால் தெரிகிற கல் கட்டடம் 1930களில் கட்டியது, இப்போது மலையேற்றச் சாமான் கடை. அப்பலாச்சியன் டிரெயில் என்கிற இந்த நெடுந்தூர நடைபாதை 14 மாநிலங்கள் வழியாக மெயின் மாநிலத்து கட்டாடின் மலை வரை போகிறது, சுமார் 3,500 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் கூரைக்குக் கீழே போகிற ஒரே இடம் இந்தக் கட்டடத்தின் நடுவில் இருக்கிற நடைதான்.

நண்பன் கடைக்குள்ளே இருக்கிறான். அவன் வெளியே வருவதற்குள் சொல்லி முடிக்கிறேன், பக்கத்தில் இருந்தால் என்னைப் பேசவே விடமாட்டான்.

நாங்கள் நடந்தது முதல் 50 கிலோமீட்டர், ஸ்பிரிங்கர் மலையிலிருந்து இங்கே வரை. அட்லாண்டா பக்கம் இருப்பவர்களுக்கு அமிகலோலா அருவி தெரியும். அங்கிருந்து 604 படி ஏறி, இன்னும் ஒரு முழு நாள் நடந்தால்தான் டிரெயிலின் தொடக்கமே வரும். அந்த 14 கிலோமீட்டர் கணக்கிலும் சேராது. நாங்கள் அதைத் தவிர்த்து, காட்டுச் சாலை வழியாகக் காரில் போய் இறங்கினோம். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் ஏறி உச்சியைத் தொட்டுவிட்டு வந்த வழியே இறங்கவேண்டும். உச்சியில் பாறையில் பதித்த வெண்கலப் பலகை, அப்புறம் முதல் வெள்ளைக் கோடு. இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல நீளம். மரத்துக்கு மரம் இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடு இருந்தால் திருப்பம் வருகிறது என்று அர்த்தம். நீலக் கோடு என்றால் தண்ணீருக்கோ தங்குமிடத்துக்கோ போகிற கிளைவழி.

உயரத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஸ்பிரிங்கர் 1,153 மீட்டர். இந்தப் பகுதியிலேயே பெரியது பிளட் மவுண்டன், அது 1,359. நம் தொட்டபெட்டாவில் ஏறக்குறைய பாதிதான். நானும் அப்படித்தான் எகத்தாளமாக வந்தேன். ஆனால் இங்கே ஒருமுறை ஏறினால் முடிந்தது என்ற கதையே கிடையாது. ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. முந்நூறு அடி ஏறி மேலே போனால் காட்சி ஒன்றும் இருக்காது, மரம்தான் இருக்கும்.

முதல் ராத்திரி ஹாக் மவுண்டன் ஷெல்டர் பக்கத்தில். பதினோரு மணி இருக்கும், டப டபவென்று துப்பாக்கிச் சத்தம். நண்பன் என் கையைப் பிடித்துவிட்டான். "டேய், சுடுறாங்கடா!" பக்கத்திலேயே கேம்ப் மெரில் இருக்கிறது, அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் படைக்கு மலைப்பயிற்சி தருகிற இடம். வெற்றுத் தோட்டாவை வைத்துப் பயிற்சி எடுக்கிறார்கள். எனக்கு முன்பே தெரியும், அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். சரி, மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

அந்த வினை மறுநாளே திரும்பி வந்தது.

இரண்டு பேர் போனால் கூடாரத்தைப் பிரித்துச் சுமந்தால் எடை குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானே இந்தச் சேனலில் சொல்லியிருக்கிறேன். அதன்படி கூடாரத் துணி என் பையில், கம்புகளும் முளைகளும் அவன் பையில். என் பை 12 கிலோ, அவனுடையது 17. அதில் கண்ணாடி பாட்டிலோடு ஒரு ஆவக்காய் ஊறுகாய் வேறு. பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றுடா என்றால் ருசி போய்விடும் என்கிறான்.

சஸ்ஸஃப்ராஸ் மலை ஏற்றத்தில் நான் என் வேகத்தில் முன்னால் போய்விட்டேன். கூப்பர் கேப்பில் இருபது நிமிடம் காத்திருந்தேன், வரவில்லை. வந்துவிடுவான் என்று நடந்து, ஜஸ்டஸ் ஓடைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தரை. அக்டோபர் கடைசி, ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஓடைக்கல்லில் உட்கார்ந்து பையைத் திறந்து பார்க்கிறேன். துணி இருக்கிறது. அதை நிறுத்த ஒரு குச்சிகூட இல்லை. அவனிடம் குச்சி இருக்கும், போர்த்தத் துணி இருக்காது. இரண்டு பேரிடமும் பாதிப் பாதி வீடு. அந்த ஐம்பது நிமிடம் இருக்கிறதே, என்னென்னவோ யோசித்துவிட்டேன். அவன் மனைவிக்கு எப்படிச் சொல்வது என்பது வரைக்கும்.

கூப்பர் கேப்பில் பல மண்சாலைகள் சந்திக்கின்றன. அவன் தப்பான சாலையில் இறங்கிவிட்டான். வெள்ளைக் கோட்டைக் காணோம் என்று உறைத்துத் திரும்புவதற்குள் கால் மணி நேரம் நடந்திருக்கிறான். வந்தவன் திட்டவில்லை. பையை இறக்கி, தண்ணீரை வடிகட்டிக் குடித்தான். அப்புறம், "கம்பு என்கிட்ட இருக்கு. ஞாபகம் இருக்கா?" என்றான். அவ்வளவுதான்.

ஆகவே நான் முன்பு சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நடை வேகம் ஒன்றாக இருந்தால் கூடாரத்தைப் பிரியுங்கள். இல்லையென்றால் எடை கூடினாலும் ஆளுக்கு ஒன்று. எங்களைப் போலப் பிரித்துவிட்டீர்களா, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். மூன்றாம் நாள் அப்படித்தான் நடந்தோம். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனதில் எனக்கு மூச்சும் வாங்கவில்லை.

இரண்டாம் ராத்திரி கூச் மவுண்டன் ஷெல்டரில் கடுங்குளிர். என் தண்ணீர் வடிகட்டியைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன், அவன் சிரித்தான். அது நுண்குழல் வடிகட்டி. உள்ளே ஈரம் உறைந்தால் குழல்கள் கீறிவிடும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் கம்பிவடத்தில் ஏற்றவேண்டும். ஊறுகாய் பாட்டிலும் ஏறியது. அதற்கு முன் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தப் பாதையில் நடப்பவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது வழக்கம். அவனுக்கு அங்கேயே 'பிக்கிள்' என்று வைத்துவிட்டார். எனக்கு இன்னும் யாரும் வைக்கவில்லை.

இன்று காலை பிளட் மவுண்டன். மேலே கல்லால் கட்டிய பழைய இரண்டு அறை ஷெல்டர் இருக்கிறது, தண்ணீர் கிடையாது, கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாறைமேல் நின்றால் சிவப்பும் மஞ்சளுமாக மலை மலையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு இடத்துக்காக எல்லா ஏற்றத்தையும் மன்னித்தேன். இறக்கம் நாலு கிலோமீட்டர், பாறைப் பாறையாக, முட்டி கழன்றுவிடும்.

இதோ இந்த மரத்தைப் பாருங்கள், கிளையெல்லாம் ஷூ தொங்குகிறது. நீல நிற ஜோடி ஒன்று புத்தம்புதுசு, அடிப்பாகம்கூடத் தேயவில்லை. மார்ச்சில் மெயின் வரை போகக் கிளம்புகிறவர்களில் நிறைய பேர் இந்த இடத்திலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இருங்க, நண்பன் வருகிறான். கையில் என்ன அது? டேய், காட்டு... ஒற்றை ஆள் கூடாரம் வாங்கியிருக்கிறான். விலையைச் சொல்ல மாட்டேன் என்கிறான். சரி, கேமராவை அணைக்கிறேன்.