மலாய்க் கல்யாண வீட்டில் ஒரு ஓதல் சபை

நேயர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

மலாய்க் கல்யாணம் என்றதும் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது பெர்சண்டிங்தான். மணமக்கள் பெலாமின் எனும் அலங்கார மேடையில் ராஜா ராணியாக வீற்றிருப்பார்கள், வாசலில் கொம்பாங் மேளம் முழங்கும். பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் மார்க்கக் கல்வி அந்தக் கல்யாணத்தில் எப்படி ஊறியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

நிக்காஹ் எனும் திருமண ஒப்பந்தத்துக்கு முன்பு பல குடும்பங்களில் மணப்பெண்ணுக்காக 'காத்தாம் குர்ஆன்', அதாவது குர்ஆனை ஓதி நிறைவு செய்யும் சபை வைப்பார்கள். சிறு வயதில் ஓதிக்கொடுத்த ஆசிரியையின் பக்கத்தில் பெண் முக்காடிட்டு உட்கார்ந்து, 93-ஆவது அத்தியாயமான அள்ளுஹாவில் தொடங்கி 114-ஆவது அத்தியாயமான அந்நாஸ் வரை வாய்விட்டு ஓதுவாள். உச்சரிப்பு பிசகினால் ஆசிரியை அங்கேயே திருத்துவார், பெண் மறுபடி ஓதுவாள். கூடத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருப்பார்கள். துஆ எனும் பிரார்த்தனை முடிந்ததும் மஞ்சள் போட்ட புலுட் எனும் ஒட்டரிசிச் சோறும் முட்டையும் பரிமாறுவார்கள். அத்தனை சொந்தபந்தம் கூடியிருக்கும் வீட்டில், ஓதிக்கொடுத்தவருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்புறம் நிக்காஹ். பெண்ணின் பொறுப்பாளரான வலீ, இரண்டு சாட்சிகள், மணமுடித்துத் தருவதையும் ஏற்பதையும் வாயால் சொல்லும் ஈஜாப் கபூல். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரை மலாயில் மாஸ் காவின் என்பார்கள். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் குறைந்தது 300 ரிங்கிட். கிளந்தான் மாநிலத்தில் இரு வீட்டாரும் பேசி முடிவு செய்வார்கள். மார்க்கம் கடமையாக்கியது இந்த மஹரைத்தான். தட்டுத் தட்டாகப் போகும் ஹந்தாரான் எனும் சீர்வரிசை வெறும் வழக்கம். அதற்காகப் பையன்கள் கடன் வாங்குவதைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது. பெண் வீட்டுப் பெரியவர்கள்தான் இதைக் குறைத்துக்கொள்ள முன்வர வேண்டும்.

ஈஜாப் கபூல் முடிந்ததும் மாப்பிள்ளை தக்லிக் எனும் நிபந்தனை உறுதிமொழியை வாசிப்பார். பல மாநிலங்களில் அதன் சாரம் இதுதான்: நான்கு மாதம் தொடர்ந்து மனைவியைப் பிரிந்திருந்தாலோ, அந்தக் காலத்துக்குச் செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ, அவள் உடலுக்குத் தீங்கு செய்தாலோ, அவள் ஷரீஆ நீதிமன்றத்தில் முறையிடலாம். புகார் உண்மை என்று நிரூபணமானால், அவள் ஒரு ரிங்கிட் கொடுத்து மணவிலக்குப் பெறலாம். மனைவியின் உரிமையை மாப்பிள்ளையே, இரு வீட்டார் முன்னிலையில், தன் வாயால் சொல்கிறார்! புகைப்படக்காரர்களின் அவசரத்தில் சில இடங்களில் இதைக் கடகடவென்று வாசித்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்குத் தயாராகும் தம்பிகளே, அந்தத் தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி வீட்டில் படித்துப் பாருங்கள். புரியாத வரி இருந்தால் மார்க்க ஆசிரியரான உஸ்தாஸிடம் கேளுங்கள். சபையில் நிதானமாக, எல்லோர் காதிலும் விழும்படி வாசியுங்கள்.

நன்றி.