கொஞ்சம் வந்துட்டுப் போங்க

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

மனித உரிமைக்காகப் பாடுபடுகிறவர்களைப் பெரிதும் முடக்குவது சிறைவாசமா, அன்றாட அலைக்கழிப்பா? இதுதான் தலைப்பு. அலைக்கழிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு பேரைச் சொல்லி அரங்கத்தை உறைய வைத்துவிட்டுப் போனார். ஒருவர் நம்ம சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் படித்து, சத்தீஸ்கரில் மனித உரிமைக்காகப் பாடுபட்ட டாக்டர் பினாயக் சென். இன்னொருவர் திருச்சி மாவட்டத்தில் பிறந்து, பழங்குடி மக்களுக்காகப் பாடுபட்ட பாதிரியார் ஸ்டான் சாமி. பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, உறிஞ்சிக் குடிக்கிற டம்ளர் ஒன்று வேண்டும் என்று ஸ்டான் சாமி 2020 நவம்பரில் சிறையிலிருந்து நீதிமன்றத்தில் கேட்டார். பதில் சொல்ல, அவரைக் கைது செய்த தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ 20 நாள் அவகாசம் வாங்கியது. 2021 ஜூலை 5-ல், ஜாமீன் கிடைக்காமலேயே, 84 வயதில் கண்ணை மூடினார். சிறை கொடியது இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் தலைப்பு, எது கொடியது என்று கேட்கவில்லை. எது அதிகம் முடக்குகிறது என்று கேட்கிறது.

பினாயக் சென் கதையையே எடுத்துக்கொள்வோம். 2007 மே 14-ல் பிடித்தார்கள். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது 2009 மே 25-ல். சிறையில் இருந்த ஒரு மாவோயிஸ்ட் தலைவரை அவர் 33 முறை போய்ப் பார்த்தார் என்பது அவர் மேல் சொல்லப்பட்ட பெரிய குற்றம். 33 முறையும் அனுமதி வாங்கிப் போனார் சார்! அவர் உள்ளே இருந்தபோது 22 நோபல் பரிசாளர்கள் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். சிறை, மனிதரை உள்ளே வைத்தாலும் அவர் பெயரை வெளியே அனுப்பிவிடுகிறது. ஸ்டேஷன் வராந்தாவில் காலை பத்து மணியிலிருந்து உட்கார வைக்கப்பட்டவருக்காக எந்த நோபல்காரர் கடிதம் எழுதினார்?

அந்த வராந்தாவுக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். முதலில் ஒரு போன் வரும். "ஸ்டேஷன்ல இருந்து பேசறோம். உங்க மேல ஒரு மனு வந்திருக்கு. நாளைக்குக் காலைல கொஞ்சம் வந்துட்டுப் போங்க." அவ்வளவுதான். என்ன மனு, யார் கொடுத்தது, மனுவைப் பதிந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது எண் என்ன, எந்தச் சட்டப் பிரிவு? எதுவும் கிடையாது. போனால் "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, உட்காருங்க." மதியம் "ஐயா சாப்பிடப் போயிருக்காரு." இருட்டின பிறகு "இன்னைக்கு முடியாது, நாளைக்கு வாங்க." வாணியம்பாடித் தோல் ஷெட்டில் வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. நாலாவது நாள் முதலாளிக்கும் ஒரு போன் போகும். ஐந்தாவது நாள் வீட்டுக்காரர், "எங்களுக்கு எதுக்குங்க வம்பு, வேற வீடு பாத்துக்கங்க" என்பார். யாரும் கைது செய்யவில்லை. ஆனால் ஆள் காலி.

நம்ம ஊரைப் பற்றி ஒரு பழமொழி உண்டு: தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. சாமி 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். காலியான அந்த இடத்தில் நான் ஒன்றைச் சேர்க்கிறேன்: காகிதமில்லாத விசாரணை.

என் வாதத்தின் அடித்தளமே இந்தக் காகிதம்தான். சிறைக்கு ஒரு கடிகாரம் உண்டு நடுவர் அவர்களே. கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி கைதுக் குறிப்பு எழுத வேண்டும். ஒரு சாட்சி கையெழுத்து, கைதானவர் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. வழக்கு விசாரணை இல்லாமலேயே அடைத்து வைக்கிற குண்டர் சட்டம், அதாவது 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் தமிழ்நாடு சட்டத்தைப் போட்டால்கூட, 5 நாளில் காரணங்களைக் கொடுக்க வேண்டும். 12 நாளில் அரசு ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்தில், அந்த உத்தரவைப் பரிசீலிக்கிற அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். 7 வாரத்தில் குழுமம் அறிக்கை தர வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை; அந்தக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளக்கூட உரிமை கிடையாது. ஆனாலும் ஒரு தேதி தவறினால், கொடுத்த நகல் படிக்க முடியாமல் மங்கியிருந்தால், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இங்கிலீஷ் ஆவணத்தை மொழிபெயர்க்காமல் கொடுத்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு உத்தரவை உடைக்கலாம். உடைத்திருக்கிறார்கள், எத்தனையோ முறை. காகிதம் இருப்பதால்தானே உடைக்க முடிகிறது?

இன்னொன்று. எதிரணி சொல்கிற அந்தச் சிறைக்குப் படிக்கட்டு கட்டுவதே அலைக்கழிப்புதான். குண்டர் சட்ட உத்தரவு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடைசியாகப் போட்ட வழக்கு ஒன்று இருக்கும். அதற்கு மேலே, பாதக வழக்குகள் என்று பழைய வழக்குகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அனுமதியில்லாமல் கூடினார், ஆபாசமாகத் திட்டினார், அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தார். அன்றைக்கு மண்டபத்தில் உட்கார வைத்து சாயங்காலம் விட்டுவிட்டார்களே, அதோடு முடிந்தது என்று நினைத்த வழக்கு, ஆண்டுகள் கழித்து இந்தப் பட்டியலில் எழுந்து வந்து நிற்கும்.

செய்யாறு பக்கம் மேல்மா. 1989-ல் மாவட்டம் பிரியும் வரை அதுவும் நம் வட ஆற்காடுதான். சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த விவசாயிகளில் 7 பேர் மேல் 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. தமிழ்நாடே கத்தியது. சில நாட்களிலேயே 6 பேர் மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. உத்தரவைத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற உத்தரவே இல்லாத தொல்லையை என்ன செய்வது?

"புகார் கொடுக்கலாமே" என்றார் எதிரணித் தலைவர். கொடுக்கலாம். திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் கலெக்டர் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அது எஸ்பி அலுவலகம் போகும், அங்கிருந்து டிஎஸ்பி, அங்கிருந்து எந்த ஸ்டேஷன் மேல் புகாரோ அதே ஸ்டேஷன். இந்தப் பழக்கம் நம்ம கோட்டைக்குப் புதிதல்ல. 1806 ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கிளர்ச்சி வரப்போகிறது என்று வெள்ளைக்கார அதிகாரியிடம் சொன்னார். விசாரிக்கச் சொல்லி ஒப்படைத்தது யாரிடம்? அவர் குற்றம் சாட்டிய அதே இந்திய அதிகாரிகளிடம். "இவனுக்குப் பைத்தியம்" என்று அறிக்கை கொடுத்தார்கள். முஸ்தபா பேக் விலங்கோடு உள்ளே போனார். ஜூலை 10-ல் கிளர்ச்சி வெடித்தது. அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொன்னவர், அவருக்கு நான் மாலை போடவில்லை. புகாரை விசாரிக்கிற முறையைத்தான் காட்டுகிறேன். இருநூறு வருஷம் ஆகியும் அது மாறவில்லை.

சரி, காகிதம் இல்லாத இடத்தில் காகிதத்தை உண்டாக்குவது எப்படி? போன் வந்ததும் பேசியவர் பெயர், பதவி, எண், நேரம் நான்கையும் எழுதுங்கள். "எழுத்தில் அழைப்பாணை கொடுங்க, வர்றேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். சந்தேக நபராகக் கூப்பிட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ல் பிரிவு 35(3), சாட்சியாகக் கூப்பிட்டால் பிரிவு 179. சாட்சி, கூப்பிடுகிற போலீஸ் அதிகாரியின் ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ பக்கத்து ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ இருந்தால்தான் கூப்பிடலாம். குடியாத்தத்துக்காரரை அரக்கோணத்துக்கு இழுக்க முடியாது. சாட்சி பெண் என்றாலோ, 60 வயது தாண்டியவர் என்றாலோ, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தனியாகப் போகாதீர்கள். வக்கீல் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டால் அதிலிருக்கிற நம்பர் எதற்கு ஆகும்? வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்பார்கள், போடாதீர்கள். எழுதிய தாள் என்றால் படித்துவிட்டு, கடைசி வரிக்கு ஒட்டினாற்போல் கையெழுத்து, கீழே தேதி, நேரம். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் அன்றைக்கே எஸ்பிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதே கடிதத்தில், அந்த நாளின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. தாமதித்தால் "கேமரா ரிப்பேர்" என்று பதில் வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட கேள்விக்கு 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். மனுவின் தலைப்பிலேயே அதை எழுத வேண்டும், இல்லாவிட்டால் 30 நாளில் பதில் தருகிற மற்ற மனுக்களோடு சேர்ந்துவிடும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, ஓராண்டுக்குள் எழுத வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது.

பலர் சறுக்குவது வாய்தாவில்தான். சின்ன வழக்குதானே என்று ஒரு வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்டு. ஜாமீன் நிபந்தனைப்படி வெளியூர் ஸ்டேஷனில் தினமும் போடவேண்டிய கையெழுத்து ஒரு நாள் தவறினால் ஜாமீனே ரத்தாகலாம். அப்போது எதிரணி ஓடி வந்து "பார்த்தீர்களா, சிறை!" என்பார்கள். அந்தச் சிறைக்குத் தள்ளிவிட்டது யார்?

பாலாற்றில் தோல் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28-ல். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது நம்ம ஊர் வழக்கில். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஐந்து வருஷம் ஒரு வழக்கைக் கைவிடாமல் பிடித்திருக்க ஆள் வேண்டும். அலைக்கழிப்பு குறி வைப்பது அந்த ஐந்து வருஷத்தை. மூன்றாம் மாதமே "எனக்கு எதுக்குப்பா" என்று அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், கைது செய்ய வேண்டிய தேவையே இல்லை.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு கேள்வி. எதிரணி காட்டுகிற தடுப்புக்காவல் உத்தரவில் கடைசித் தேதி இருக்கிறது, அதிகபட்சம் 12 மாதம் என்று. "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்ற அந்த போனுக்குக் கடைசித் தேதி எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது? அடுத்துப் பேச வருகிற நண்பர் அதை மட்டும் படித்துக் காட்டட்டும், நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.