பூக்கும் நாளைச் செடி சொல்லட்டும்

(பொதுப் பூங்கா ஊழியர்களும் தன்னார்வலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

பூங்காவில் விழா நடத்துவதென்று முடிவானால் முதலில் தேதி குறிக்கிறோம். அடுத்து மேடை, ஒலிபெருக்கி, அழைப்பிதழ். எல்லாம் முடிந்த பிறகு தோட்டக்காரரைக் கூப்பிட்டு, "அன்னைக்குப் பூ இருக்கும்ல?" என்று கேட்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். முதலில் தோட்டக்காரரிடம் கேட்போம், அப்புறம் தேதி குறிப்போம்.

சொன்ன தேதிக்குப் பூ கொண்டுவர முடியாதா என்றால், சில செடிகளில் முடியும். செண்டுமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். விதை போட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும். விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி நாற்று விட்டு, நுனி கிள்ளி, முதல் மொட்டுகளை எடுத்துவிட்டால் பாத்தி முழுக்க ஒரே நேரத்தில் பூ நிற்கும். நல்ல தோட்டக்காரர் ஒரே நாளில் எல்லா விதையையும் போட மாட்டார். பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாகப் போடுவார். மழையில் ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். நெதர்லாந்தில் 1950 முதல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்படும் கியூக்கன்ஹாஃப் பூங்காவில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகளை இலையுதிர் காலத்திலேயே கையால் நடுகிறார்கள். ஒரே குழியில் தாமதமாகப் பூப்பது அடியில், முந்திப் பூப்பது மேலே என்று அடுக்கு அடுக்காக வைக்கிறார்கள். ஒன்று வாடும்போது அடுத்தது எழும்பும். பார்வைக் காலமான எட்டு வாரமும் நிலம் வெறுமையாகத் தெரியாது.

சாமந்தியின் கதை வேறு. அது விதைத்த நாளைக் கணக்கில் வைப்பதில்லை, இரவின் நீளத்தைத்தான் பார்க்கிறது. இதைப் புரிந்துகொள்ள உதவியவர்கள் அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர். பிலாக்சி என்ற சோயா வகையை வெவ்வேறு தேதிகளில் விதைத்துப் பார்த்தார்கள். முன்னால் விதைத்தது, பின்னால் விதைத்தது எல்லாமே செப்டம்பரை ஒட்டிப் பூத்தன. கோடை முழுக்க ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையைத் தினமும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்தார்கள். அது கோடையிலேயே பூத்தது. 1920இல் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு 1938இல் ஹாம்னர், பானர் என்ற தாவர ஆய்வாளர்கள் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். இரவு எவ்வளவு நீளமாக இருந்தாலும் நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டால், குறும்பகல் செடி, அதாவது சாமந்தியைப் போல இரவு நீண்டால்தான் பூக்கும் செடி, அந்த இரவை நீண்ட இரவாக எடுத்துக்கொள்வதில்லை.

சாமந்தி வளர்ப்பவர்கள் மாலையில் கறுப்புத் துணி போர்த்தி, காலையில் எடுப்பது இதனால்தான். பூ தள்ளிப்போக வேண்டுமென்றால் நள்ளிரவில் விளக்குப் போடுவார்கள். சரி, இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நம்மில் பலர் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே பூங்காவில் அலங்கார விளக்குகளைக் கட்டிவிடுகிறோம். அவை சாமந்திப் பாத்திக்குப் பக்கத்தில் இரவு முழுக்க எரிந்தால், விழாவுக்கென்று போட்ட விளக்கே விழாப் பூவைத் தடுத்துவிடும். அப்போது தோட்டக்காரரைக் குறை சொல்வது எந்த விதத்திலும் நியாயமில்லை.

எந்த வித்தைக்கும் கட்டுப்படாத செடிகளும் உண்டு. டைட்டன் ஆரம் அவற்றில் ஒன்று. சுமத்ரா காட்டைச் சேர்ந்த இது, சேனைக்கிழங்கின் அதே பேரினம். கிழங்கு போதுமான அளவு பெருக்கப் பெரும்பாலும் ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். அதன் பிறகும் இலை விடுமா, பூ விடுமா என்பது முளை ஓரளவு வளர்ந்த பிறகே தெரியும். விரிந்தால் ஒன்றிரண்டு நாள்தான். முதல் இரவில் பூவின் நடுத்தண்டு கிட்டத்தட்ட நம் உடம்புச் சூட்டுக்குச் சூடாகி, அழுகிய இறைச்சி நாற்றத்தைப் பரப்பி வண்டுகளையும் ஈக்களையும் இழுக்கும். வளர்ப்பிடத்தில் இது முதன்முதலாகப் பூத்தது 1889இல், லண்டன் கியூ தோட்டத்தில். இன்றும் இந்தச் செடி உள்ள தோட்டங்கள் தேதி அறிவிப்பதில்லை. மொட்டின் உயரத்தை அன்றாடம் அளந்து எழுதிவைக்கின்றன. விரியத் தொடங்கியதும் செய்தி பரவும். நள்ளிரவிலும் கதவைத் திறந்துவைத்தால் மக்கள் குழந்தைகளோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். நாற்றமடிக்கும் ஒரு பூவுக்காக! நீலக்குறிஞ்சியும் அப்படித்தான். 2006, 2018 என்று 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் இரவிகுளம் மலைகளில் கூட்டமாகப் பூத்தது. அடுத்து 2030. நம் வசதிக்கு அது ஓராண்டு முந்தி வராது. ஆனாலும் மக்கள் காத்திருந்து போகிறார்கள். தேதி உறுதியாகத் தெரியாவிட்டால் கூட்டம் வராது என்ற பயத்துக்கு இவையே பதில்.

அதனால் ஒரு யோசனை. நாள்காட்டியில் "பூ விழா, இன்ன தேதி" என்று அச்சிடுவதற்குப் பதில் "இந்த மூன்று வாரத்துக்குள்" என்று குறிப்போம். மொட்டு நிறம் காட்டியதும் ஒரு வாரம் முன்னதாகத் தேதி சொல்வோம். மேடை வாடகையில் சிரமம் வரும், ஒப்புக்கொள்கிறேன். பெரிய மேடை தேவையா என்பதையும் அப்போது யோசிக்கலாம்.

பூவே இல்லாத மாதங்களை நாம் வீணாக்குகிறோம் என்பதும் என் வருத்தம். கவாத்து செய்யும் காலத்தில் மக்களை வரச்சொல்லி, மொட்டுக்குச் சற்று மேலே ஏன் சாய்வாக வெட்டுகிறோம் என்று காட்டலாம். விதை முற்றும் காலத்தில் விதைப் பரிமாற்றம் நடத்தலாம். இலை உதிரும் காலத்தில் குப்பையை எரிக்காமல் குவித்து மக்க வைப்பதைக் குழந்தைகளே செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்தது அந்துப்பூச்சி இரவு. நிலவில்லாத ஓர் இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் விளக்கு வைத்தால் போதும். முதலில் கொசுவும் சின்ன வண்டும் வரும். அரைமணி நேரத்தில் பட்டை நிறத்தில், இலை நிறத்தில், கண் போன்ற புள்ளியோடு அந்துப்பூச்சிகள் ஒவ்வொன்றாக வந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பூக்கள் இரவில் ஏன் மணக்கின்றன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, பார்த்தவர்களே கேட்பார்கள். பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

கூட்டம் வந்தால் மரத்துக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிழல் இருக்கிறதென்று பெரிய மரத்தடியில்தான் நாற்காலி போடுகிறோம். மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கிறது. அது கிளை விரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். ஆயிரம் கால்கள் மிதித்தால் மண்ணின் இடைவெளிகள் நசுங்கிக் காற்றும் நீரும் இறங்காது. மரம் அன்றே வாடாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து உச்சிக்கிளை காயும்போது யாருக்கும் விழா நினைவிருக்காது. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், நடைபாதையில் மரச்சில்லுகளைத் தடிமனாகப் பரப்புங்கள், மழை பெய்த மறுநாள் புல்வெளியில் நிகழ்ச்சி வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

கடைசியாகப் பதிவேடு பற்றி. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்த நாள்கள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. ஆராய்ச்சிக்காக யாரும் அப்போது எழுதிவைக்கவில்லை. அரசவையினரும் துறவிகளும் பூப் பார்க்கக் கூடிய நாளை நாட்குறிப்பில் எழுதியிருந்தார்கள். அவற்றைத் திரட்டியபோது ஆயிரத்து இருநூறு ஆண்டு நீளமுள்ள காலநிலைச் சான்று கிடைத்தது. 2021இல் மார்ச் 26ஆம் தேதியே மரங்கள் முழுமையாகப் பூத்தபோது, அந்த வரிசையில் அதுவரை அதுதான் மிக முந்திய நாள் என்று சொல்ல முடிந்தது. பூத்த பிறகு கூடினார்கள், அதனால்தான் அந்தத் தேதிக்கு மதிப்பு. விழா நாளை முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் அந்த நாட்குறிப்புகளிலிருந்து செடியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

நாமும் தொடங்கலாம். பூங்காவில் பத்து மரம் செடிகளைத் தேர்ந்தெடுத்து எண் கட்டுவோம். வாரம் ஒருமுறை ஒருவர் போய்ப் பார்த்து முதல் மொட்டு, முதல் பூ, பாதிக்கு மேல் பூத்த நாள், காய், இலை உதிர்வு என்று எழுதட்டும். எழுதுகிறவர் மாறினாலும் பரவாயில்லை, எண் கட்டிய மரத்தை மட்டும் மாற்றாதீர்கள். பூக்காத வாரத்தில் "ஒன்றுமில்லை" என்றாவது எழுத வேண்டும், இல்லையென்றால் பார்த்தோமா இல்லையா என்றே பின்னால் தெரியாது. அதே தகவலை வாயிலில் ஒரு பலகையில் எழுதிவைத்தால், உள்ளே வருகிறவர்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். நோட்டு அந்த மேசையில் இருக்கிறது. எந்த வாரம் உங்களால் வர முடியும் என்று பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள். நன்றி.