சதுர தாடை, ஏறுன நெத்தி: எந்த ஹேர்ஸ்டைல் செட் ஆகும்? தங்கச்சி கேள்விக்கு பதில்

சரி, அடுத்த கேள்வி. மதுரையில இருந்து ஒரு திருநங்கை தங்கச்சி கேட்டிருக்கா, "அக்கா, ஹார்மோன் எடுக்க ஆரம்பிச்சு ஏழு மாசம் ஆச்சு, முடி இப்பதான் காதைத் தாண்டி கழுத்துக்கு வந்திருக்கு, எனக்கு தாடை சதுரமா இருக்கும், நெத்தி ரெண்டு ஓரமும் ஏறி இருக்கு, எப்படி முடி வெச்சா பொண்ணு மாதிரி தெரிவேன்"னு. மாதிரி என்னடி மாதிரி. சரி அத விடு, விஷயத்துக்கு வரேன்.

எல்லாரும் முகம் வட்டமா ஓவலாங்கறதுலயே நின்னுடறாங்க. தெரிஞ்சுக்கணும்னா முடியெல்லாம் பின்னாடி இழுத்துக் கட்டிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு கண்ண மூடிக்கிட்டு, பழைய லிப்ஸ்டிக்கால கண்ணாடியில தெரியற முகத்தோட ஓரத்த அப்படியே வரைஞ்சு பாரு, தலைய மட்டும் ஆட்டாத, நான் ஆட்டிட்டு கத்திரிக்கா மாதிரி வரைஞ்சு வெச்சேன். ஆனா நமக்கு அது மட்டும் பத்தாது. டெஸ்டோஸ்டிரோன், அதான் ஆண் ஹார்மோன், வேலை பாத்துட்டுப் போன மூணு இடம் இருக்கு, நெத்தி ஓரம், புருவத்துக்கு மேல இருக்கற மேடு, தாடை முனை. எந்த முகத்துக்கு எந்த ஹேர்ஸ்டைல்னு போட்டிருக்கற சார்ட்ல உனக்கு ஓவல்னு வரும், ஓவலுக்கு எல்லாமே செட் ஆகும், தூக்கிக் கட்டுனா சூப்பர்னு போட்டிருப்பான், நீ தூக்கிக் கட்டுனா இந்த மூணும்தான் முதல்ல வெளிய வரும். அதனால ஷேப்ப விட, எத மறைக்கணும், பாக்கறவங்க கண்ண எங்க கொண்டு போகணும்னு யோசி.

பைசா செலவில்லாம பண்ணக்கூடியது வகிடு. நேர் வகிடு எடுத்தா ரெண்டு ஓரமும் பளிச்சுன்னு தெரியும். கோண வகிடு எடு, ஒரு புருவம் எங்க உயரமா வளையுதோ அதுக்கு நேர் மேல ஆரம்பிச்சு உச்சிய நோக்கி சாய்ச்சு எடுத்துட்டு, அதிக முடி இருக்கற பக்கத்த நெத்தி மேல லேசா விழற மாதிரி சீவு, ஒட்ட சீவாத. ஒரு ஓரம் மறைஞ்சுடும். இன்னொரு ஓரத்துக்கு அடர் பிரவுன் ஐஷேடோ எடுத்து சின்ன பிரஷ்ல முடி வேர் இருக்கற இடமா பாத்து தட்டித் தட்டி வை, கோடு போடாத. சுத்தக் கருப்பு வேணாம், நம்ம ஊர் வேர்வைக்கு மை மாதிரி வழியும்.

முன்னாடி ஃபிரிஞ்ச் வெட்டுனா நெத்தி, புருவ மேடு ரெண்டும் போச்சு, நல்லதுதான். ஆனா நான் பட்டது இருக்கே. எனக்கு சுருட்டை முடி, ஒரு பார்லர்ல போன்ல போட்டோ காட்டுனேன், அந்தப் பொண்ணு தலைய நனைச்சு புருவம் வரைக்கும் வெட்டுச்சு, ஈரத்துல கரெக்டா இருந்துச்சு, டிரையர் போட்டதும் ஸ்பிரிங் மாதிரி ஏறி நெத்தி நடுவுல நின்னுச்சு, மூணு மாசம் கிளிப்பு போட்டே திரிஞ்சேன். சுருட்டையோ அலை அலையாவோ இருந்தா காஞ்ச முடியில வெட்டச் சொல்லு, முதல்ல மூக்கு நுனி நீளத்துக்கு விடச் சொல்லு, நடுவுல பிரிஞ்சு ரெண்டு கன்னத்து மேலயும் விழணும், கர்ட்டன் பேங்ஸ்னு கேட்டா புரிஞ்சுப்பாங்க.

தாடைக்கு வா. முடி எங்க முடியுதோ கண்ணு அங்கதான் போய் நிக்கும், அதனால தாடை முனையோட நிக்கற பாப் கட் உனக்கு வேணவே வேணாம். தாடைக்குக் கீழ ரெண்டு இஞ்சாவது இறங்கணும், முதல் லேயரும் தாடைக்குக் கீழதான் ஆரம்பிக்கணும். மாசத்துக்கு ஏறக்குறைய அரை இஞ்சுதான் வளரும், பொறுத்துக்கோ. அதுவரைக்கும் பின்கழுத்துல மட்டும் லேசா டிரிம் பண்ணிக்கோ, இல்லன்னா பின்னாடி நீளம் முன்னாடி குட்டைன்னு வால் விட்ட மாதிரி ஆயிடும்.

புடவை கட்டற அன்னிக்கு என்ன பண்றதுன்னு கேப்ப. வழிச்சு சீவி உச்சிக் கொண்டை வேணாம், கழுத்துகிட்ட தாழ்வா, தளர்வா ஒரு கொண்டை, காது முன்னாடி ரெண்டு கீத்து முடிய விட்டுடு. மல்லிப்பூவ பின்னாடியே ஒளிச்சு வைக்காம ஒரு பக்கமா தோள்ல தொங்க விடு, முன்னாடி இருந்து தெரியணும், தோள் அகலம் கூட அதுல கொஞ்சம் அடங்கும். சவுரி வெச்சா இறுக்கி முடியாத, ராத்திரி கழட்டிடு. ஓரத்துல இருக்கற மெல்லிசு முடிய தினம் இழுத்துக்கிட்டே இருந்தா அதுவும் வேரோட போயிடும், அப்படிப் போனவங்க நம்ம திருநங்கைங்க ஜமாத்லயே எத்தன பேர்.

ஹார்மோன் எடுத்தா நெத்தி இறங்குமான்னும் நிறைய பேர் கேக்கறீங்க. உதிர்றது பெரும்பாலும் நிக்கும், மெலிஞ்ச முடி கொஞ்சம் தடிக்கும், வருஷக்கணக்கா வழவழன்னு ஆன இடத்துல திரும்ப வர்றது கஷ்டம். முடி வளர தலையில தடவற மருந்து மினாக்சிடில் போடலாம், ஆனா ஹார்மோன் குடுக்கற டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் போடு, நாலு மாசமாவது ஆகும் வித்தியாசம் தெரிய, முதல்ல கொஞ்சம் கொட்டவும் செய்யும், பயந்து நிறுத்திடாத.

விக் வைக்கறத பத்தி இன்னொரு தங்கச்சி தனியா கேட்டிருக்கா, அதுல வரேன். நீ கோண வகிடு எடுத்து ஒரு போட்டோ அனுப்புடி, ஃபில்டர் போடாம.