ஒரு படத்துக்காக இருபது வருடம்: ரிச்சர்ட் அட்டன்பரோ

வணக்கம். ஜுராசிக் பார்க் படத்தில் வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக டைனோசர் பூங்காவைப் பெருமையோடு சுற்றிக்காட்டுவாரே ஒரு தாத்தா, அவர்தான் காந்தி படத்தை இயக்கியவர். பெயர் ரிச்சர்ட் அட்டன்பரோ. இயற்கை ஆவணப்படங்களின் டேவிட் அட்டன்பரோவுக்கு அண்ணன்.

(திரையில்: கருப்பு வெள்ளைப் புகைப்படங்கள்)

1923-இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். லண்டனில் ராடா நடிப்புப் பள்ளியில் படித்தார். 1942-இல் முதல் படம், போரில் பயந்து தன் இடத்தை விட்டு ஓடும் கப்பல் தொழிலாளியாகச் சின்ன வேடம். அப்புறம் பிரைட்டன் ராக், முதலில் மேடையில், பிறகு 1947-இல் திரையில். குழந்தை முகம், ஆனால் கண்ணில் துளி ஈரம் இல்லாத இளம் ரவுடி. இன்றைக்குப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.

1952-இல் லண்டனில் மவுஸ்டிராப் நாடகம் தொடங்கியபோது முதல் குழுவில் இவரும் மனைவி ஷீலா சிம்மும் நடித்தார்கள், லாபத்தில் 10 சதவீதப் பங்கும் வாங்கிக்கொண்டார்கள். அந்த நாடகம் எழுபது வருடம் தாண்டி ஓடுகிறது! இந்தப் பங்கை மறந்துவிடாதீர்கள்.

1962-இல் லண்டன் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்த்த மோதிலால் கோத்தாரி போன் செய்து, காந்தியைப் பற்றிப் படம் எடுங்கள் என்றார். அதுவரை இவர் ஒரு படம்கூட இயக்கியதில்லை. நேருவைச் சந்தித்தார், நேரு சம்மதித்தார், ஆனால் பணம் போட ஆள் இல்லை. சரி, அதற்காகச் சும்மா இருக்கவில்லை. 1969-இல் முதல் உலகப் போரைப் பற்றிய மேடை நாடகம் ஒன்றைப் படமாக்கி இயக்குநரானார், பிறகு சர்ச்சிலின் இளமைக் காலம், 1977-இல் எ பிரிட்ஜ் டூ ஃபார். அதே வருடம் வந்த சத்யஜித் ராய் படத்தில் பிரிட்டிஷ் ஜெனரல் அவுட்ராமாகவும் நடித்தார்.

கடைசியில், மவுஸ்டிராப்பில் மிச்சமிருந்த பங்கையும் விற்றுத்தான் காந்தி படத்தைக் காப்பாற்றினார். இந்திய அரசும் பணம் போட்டது. 1981 ஜனவரி 31 அன்று டெல்லியில் எடுத்த இறுதி ஊர்வலக் காட்சியில் ஏறத்தாழ 3 லட்சம் பேர். படத்துக்கு 8 ஆஸ்கர், அதில் உடைகளுக்காக பானு அத்தையா வாங்கியதுதான் ஓர் இந்தியரின் முதல் ஆஸ்கர்.

எல்லோரும் அந்தக் கூட்டத்தைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், கழிவறை சுத்தம் செய்வதைப் பற்றிக் கஸ்தூர்பாவும் காந்தியும் சண்டை போடும் காட்சிதான் படத்தின் உயிர். கோபத்தில் மனைவியைப் பிடித்துத் தள்ளிவிட்டு அடுத்த நொடியே கூனிக்குறுகிப் போகிறார் பென் கிங்ஸ்லி, ரோகிணி ஹட்டங்கடியோ கொஞ்சமும் தணிந்து போகாமல் நிற்கிறார். இருவருக்கும் அவ்வளவு இடம் விட்டுக் காத்திருக்க, நடிகராக இருந்து வந்த இயக்குநரால்தான் முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதே ஆஸ்கர் விழாவில் காந்தியிடம் சிறந்த பட ஆஸ்கரை இழந்தது ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. அதே ஸ்பீல்பெர்க்தான், பல வருடங்களாக நடிக்காமல் இருந்தவரை 1993-இல் அந்தத் தாத்தா வேடத்துக்கு அழைத்தார்.